ரெசின் லேமினேட் ரைபிள் ஸ்டாக்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மர வெனீரையோ (மெல்லிய மரத்தகடு) பருத்தித் துணியையோ எபாக்சி ரெசின் பூசி அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்தப் பாளத்திலிருந்து ரைபிள் ஸ்டாக்கை, அதாவது குழலையும் இயந்திரப் பகுதியையும் தாங்கும் கட்டையை, செதுக்கி எடுப்பது வீட்டுப் பட்டறையில் ஆகக்கூடிய வேலைதான். சிரமம் என்னவென்றால், இந்த வேலையில் கோளாறு தென்படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. வார்னிஷ் காயவில்லை என்று வார்னிஷ் டப்பாவைத் திட்டிக்கொண்டிருப்போம். காரணம் போன மாதம் பூசிய எபாக்சியின் மேற்பரப்பில் இருக்கும். குண்டுகள் சிதறுகின்றன என்று டெலஸ்கோப்பைச் சந்தேகிப்போம். பாளத்தை ஒட்டிய அன்று மரம் ஈரமாக இருந்திருக்கும்.

எதைக் கண்டாலும் இன்னும் கொஞ்சம் ரெசின் கலந்து ஊற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். அதை அடக்குவதுதான் முதல் வேலை. பிரிந்த இடத்தையும் உடைந்த இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் மேலே பூசப்படும் ரெசின், சாட்சியை அழிக்கிறதே தவிர எதையும் சரிசெய்வதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லேமினேட் ஸ்டாக் புதிய யோசனை அல்ல. ஒரே துண்டு மரம் பக்குவமாகக் காய ஆண்டுக்கணக்கில் ஆகும், காய்ந்த பிறகும் முறுக்கிக்கொள்ளும் என்பதால், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனி தன் மவுசர் 98கே ரைபிளுக்கு அடுக்கி ஒட்டிய மரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் தொழிற்சாலைப் பாளம் பெரும்பாலும் பீனாலிக் வகை ரெசினில், சூடும் அழுத்தமும் சேர்ந்த பெரிய அச்சில் ஒட்டப்படுகிறது. வீட்டில் நாம் கையாளும் எபாக்சி அறை வெப்பத்தில் இறுகுவது. தொழிற்சாலைப் பாளத்துக்குப் பொருந்தும் வழிமுறை இதற்கு அப்படியே பொருந்தாது. அழுத்தத்திலும் வெப்பத்திலும்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

கீழே சொல்வதில் எதைச் சோதிப்பதற்கு முன்னும் ரைபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். ஸ்டாக்கை மாற்றுவதற்கே அனுமதி கேட்கும் சட்டங்கள் சில நாடுகளில் உண்டு. அதை மரம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இறுகாத எபாக்சியும், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையைக் கொண்டுவரும். வந்துவிட்டால் அது போவதில்லை. கையுறை அவசியம்.

ரெசின் இறுகவில்லை; நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது

இதற்குக் காரணங்கள் இரண்டுதான்: குளிர், அல்லது கலவைத் தவறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். பாளத்தையோ கோப்பையில் மிஞ்சிய ரெசினையோ 40 டிகிரி அளவில் சில மணி நேரம் வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள். இறுகிவிட்டால் குளிர்தான் காரணம். பாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் இரண்டு மடங்காகும் என்பது எபாக்சியின் பொதுவான நடத்தை. மாலையில் ஒட்டிவிட்டு இரவுக் குளிரில் விட்டுவிட்ட பாளம் மறுநாள் காலையில் மெத்தென்று இருப்பதில் வியப்பில்லை.

சூடாக்கியும் ரப்பர் போலவே இருந்தால் கலவை தவறு. இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. டப்பாவில் 2:1 என்று அச்சிட்டிருப்பது கனஅளவாக இருக்கும். செய்பவர் தராசில் வைத்து எடையாக அளந்திருப்பார். ஹார்டனர் பெரும்பாலும் ரெசினைவிட இலேசானது. கனஅளவில் 100-க்கு 50 என்று வரும் கலவை, எடையில் 100-க்குச் சுமார் 43 என்று வரக்கூடும். தராசில் 50 போட்டால் ஹார்டனர் மிகுந்துவிடும். மிகுந்தாலும் குறைந்தாலும் விளைவு ஒன்றேதான். எபாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகும் என்று நினைப்பது பாலியெஸ்டர் ரெசினில் வேலை செய்தவர்களின் பழக்கதோஷம். அங்கே ஊக்கியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். இங்கே ஹார்டனர் என்பது ரெசினோடு கட்டுண்டு தானும் பிளாஸ்டிக் ஆகும் கூட்டுப்பொருள்.

பாளத்தில் ஓரிடம் கல்லாகவும் இன்னோரிடம் பிசினாகவும் இருந்தால், விகிதம் சரி, கலக்கியது போதாது என்று அர்த்தம். கோப்பையின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருந்த கலக்காத ரெசின் கடைசி வழித்தலில் வந்து சேர்ந்திருக்கும். சுவரை வழித்து வழித்து இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, பிறகு வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்கினால் இது வராது.

இறுகாத அடுக்கின் மேல் சரியான கலவையைப் பூசினால் அடியில் இருப்பது இறுகிவிடுமா என்றால், ஆகாது. பூச்சு என்றால் சுரண்டி எடுக்கலாம். பாளத்தின் நடுவே என்றால் அந்தப் பாளம் கதவுக் கைப்பிடிக்குக்கூட ஆகாது.

இறுகிவிட்டது, ஆனால் மேலே வழவழவென்று ஒரு படலம்

விரலால் தடவினால் மெழுகு தடவியது போல இருக்கும். சில நேரம் வெண்மை படர்ந்திருக்கும். காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புப் படலம் இது. குளிரும் ஈரப்பதமும் மிகுந்த நாளில் அதிகம் வரும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. தாள் உடனே அடைத்துக்கொள்ளும், படலமும் பரப்பெங்கும் இழுக்கப்படும். இந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரும் போதும். தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்த பிறகு 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் அடுத்த அடுக்கு பிடிக்கும். அசிட்டோனால் துடைப்பது இங்கே தண்ணீர் அளவுக்குப் பயன்படாது.

பாலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பு பிசுபிசுப்பது வேறு காரணத்தால். காற்றின் ஆக்சிஜன் அதை இறுகவிடாது. ஸ்டாக் செய்ய அந்த ரெசின் வேண்டாம் என்பதே என் கட்சி. விலை குறைவுதான். ஆனால் இறுகும்போது எபாக்சியைவிட மிக அதிகமாகச் சுருங்கும். மரத்தோடு அதற்கு ஒட்டுறவும் குறைவு.

கோப்பை புகைகிறது, பாளத்தின் நடு பழுத்து வெடித்திருக்கிறது

எபாக்சி இறுகும்போது தானே சூட்டை வெளியிடும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அந்தச் சூடே இறுகுவதை விரைவுபடுத்தும். விரைவு மேலும் சூட்டைக் கூட்டும். ஆழமான கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் பத்து நிமிடத்தில் புகையும். புகையும் கோப்பையை முகர்ந்து பார்க்காமல் திறந்த வெளியில் வையுங்கள். அடுத்த முறை சிறிது சிறிதாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் பரப்புங்கள்.

மர வெனீர்ப் பாளத்தில் இந்தத் தொல்லை குறைவு. ரெசின் மெல்லிய கோடுகளாகத்தான் இருக்கிறது. துணிப் பாளத்தில் பாதிக்குப் பாதி ரெசின். 50 மில்லிமீட்டர் கனமுள்ள துணிப் பாளத்தை ஒரே மூச்சில் அடுக்கினால் நடுப்பகுதி வெந்துவிடும். அறுத்துப் பார்த்தால் நடுவில் பழுப்பு நிறமும் நுண்குமிழியும் மயிரிழை விரிசலும் தெரியும். மெதுவாக இறுகும் ஹார்டனரை எடுத்து, 15 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று நான்கு பாளங்களாகச் செய்து, பிறகு அவற்றைத் தேய்த்து ஒன்றாக ஒட்டுவதுதான் வழி. வெந்த பாளத்தை மீட்க முடியாது.

அடுக்குகள் பிரிகின்றன

இதுதான் இந்த வேலையின் தலையாய நோய். ஒவ்வொரு முறை ரெசின் கலக்கும்போதும் அதே வெனீரின் இரண்டு கழிவுத் துண்டுகளை அதே கலவையால் ஒட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, நடுவில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். உண்மையான பாளத்திலேயே அடுக்கு பிரிந்திருந்தாலும் பார்க்க வேண்டியது இதையேதான்.

பிளந்த முகம் முழுதும் மரநார் கிழிந்து சிம்பு சிம்பாக நின்றால் ஒட்டு மரத்தைவிட வலுவானது என்று பொருள். கவலை வேண்டாம்.

ஒரு பக்கம் கண்ணாடி போல ரெசின், மறுபக்கம் வெறும் மரம் என்று சுத்தமாகக் கழன்று வந்தால், அந்த மரப்பரப்பு ரெசினை ஏற்கவில்லை. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில் இது வரும். அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். ஒரு நாள் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். எண்ணெய் இல்லாத மரத்திலும் இப்படி வந்தால், மழுங்கிய இழைப்புளியோ இயந்திரமோ மரப்பரப்பை அழுத்தி மெருகேற்றியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை அந்த மரத்தின் மேல் விடுங்கள். முத்தாக நின்றால் ரெசினும் உள்ளே போகாது. 80-ஆம் எண் தாளால் தேய்த்துவிட்டு மறுபடி சொட்டு விட்டால் பரவுவதைப் பார்க்கலாம்.

இரண்டு முகமும் மங்கலாக, வறண்டு, ரெசின் இருந்த சுவடே குறைவாக இருந்தால், கிளாம்ப் அதிகம். மரத்தச்சு வேலையில் வெள்ளைப் பசைக்கு நன்றாக இறுக்கிப் பழகிய கை எபாக்சியிலும் அதையே செய்யும். எபாக்சிக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை, கூடாது. ஓரமெங்கும் சிறு மணிகளாக ரெசின் கசியும் அளவு போதும். ஒழுகி ஓடினால் மூட்டு பட்டினி கிடக்கும். மரம் ரெசினைக் குடித்துவிட்டாலும் இதே தோற்றம் வரும். அதற்கு, முதலில் இரண்டு முகத்திலும் வெறும் ரெசினை மெல்லப் பூசி, சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய ரெசினைப் பூசி ஒட்ட வேண்டும்.

இரண்டு முகத்திலும் ரெசின் பளபளவென்று மேடுபள்ளமாக, காற்றில் இறுகியது போல இருந்தால், அந்த இடத்தில் அடுக்குகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. கிளாம்ப்களுக்கு இடையே இடைவெளி அதிகம், அல்லது மேலும் கீழும் வைத்த பலகை வளைந்திருக்கிறது. 1.5 மில்லிமீட்டர் வெனீர் தானாக நேராக நிற்காது. கனமான, நேர் பார்த்த இரண்டு பலகைகளுக்கு நடுவே, மெழுகுத்தாள் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையில் இறுக்க வேண்டும்.

ஒட்டும்போது நன்றாக இருந்து சில மாதம் கழித்துப் பிரிந்தால் ஈரம்தான் குற்றவாளி. ஒட்டும் நேரத்தில் மரத்தின் ஈரப்பதம் 6 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் எல்லா அடுக்கும் ஒரே அளவில் இருப்பது. வெவ்வேறு இடத்தில் கிடந்த வெனீர்களை வாங்கிவந்த அன்றே ஒட்டாதீர்கள். ஒரே அறையில் இடையே குச்சி வைத்து அடுக்கி, ஓரிரு வாரம் விட்டுவிடுங்கள்.

பழுது பார்ப்பதைப் பற்றி: பின்பக்கக் கட்டையிலோ முன்பக்கத்திலோ ஓரமாகப் பிரிந்திருந்தால் மெல்லிய தகட்டால் விரித்து, தூசியைக் காற்றால் ஊதி, அந்த இடத்தை வெதுவெதுப்பாக்கி, ஊசிக்குழாயால் நீர்த்த எபாக்சியை ஏற்றி இலேசாக இறுக்கலாம். கைப்பிடிக் கழுத்திலோ, பின்னுதைப்பை வாங்கும் லக் (இயந்திரப் பகுதியின் அடியில் துருத்தும் உலோக நாக்கு) உட்காரும் இடத்திலோ பிரிந்தால் அந்தப் பாளத்தைத் தூக்கிப் போடுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் அது.

துணிப் பாளத்தை அறுத்தால் வெள்ளைப் புள்ளிகள்

ரெசின் போய்ச் சேராத நூலிழைகள் அவை. புதிய கான்வாஸ், டெனிம் துணியில் நெசவுக்கஞ்சி இருக்கும். அது ரெசினைத் தடுக்கும். வெந்நீரில் சலவைத்தூள் போட்டு இரண்டு முறை துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அதுவும் ஒரு படலத்தை விட்டுச்செல்லும். பருத்தி காற்றின் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்வது. உலர்ந்ததாகத் தோன்றும் துணியையும் ஒட்டுவதற்குச் சற்று முன் சூட்டில் காயவைத்து, ஆறியதும் உடனே பயன்படுத்த வேண்டும்.

புள்ளியாக இல்லாமல் உருண்டைக் குமிழிகளாக இருந்தால் அது காற்று. ஒவ்வொரு துணியையும் தனியே இரு பக்கமும் நனைத்து அடுக்கினால் குறையும். உலர்ந்த துணிகளை அடுக்கிவிட்டு மேலிருந்து ரெசின் ஊற்றினால் கட்டாயம் வரும். மரத்தில் குமிழி வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு: வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மரத்துளைகளின் காற்று விரிந்து வெளியே வரும். காலையில் ரெசின் பூசி வெயிலில் வைத்தால் பரப்பெல்லாம் கொப்புளம். மரத்தை முன்பே சூடாக்கி, அது ஆறிக்கொண்டிருக்கும்போது பூசினால் துளைகள் ரெசினை உள்ளே உறிஞ்சும்.

பாளம் வளைந்துவிட்டது

முறுக்கா, வளைவா என்று முதலில் பாருங்கள். நேரான இரண்டு குச்சிகளைப் பாளத்தின் இரு முனையிலும் குறுக்காக வைத்து ஒரு முனையிலிருந்து பார்த்தால், குச்சிகள் இணையாக இல்லாவிட்டால் அது முறுக்கு. ஒட்டும்போது அடியில் இருந்த மேசையே முறுக்கியிருக்கும். ரெசின் அந்த வடிவத்தை அப்படியே உறையவைத்துவிடும். சீரான வளைவு என்றால் அடுக்குகள் சமச்சீராக இல்லை. நடு அடுக்கிலிருந்து இரு பக்கமும் ஒரே மரம், ஒரே கனம், ஒரே ரேகைப் போக்கு இருக்கும்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கினால் இழுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும்.

பாளமாக இருந்தவரை நேராக இருந்து, குழல் பள்ளம் தோண்டியபின் வளைந்ததா? உள்ளே அடைந்திருந்த இழுப்பு விடுபட்டிருக்கிறது. பள்ளத்தையும், ஆக்ஷன் (போல்ட்டைத் தாங்கும் இயந்திரப் பகுதி) உட்காரும் குழியையும் 2, 3 மில்லிமீட்டர் குறைவாகத் தோண்டி, வெளி வடிவத்தையும் பெரிதாகவே விட்டு, இரண்டு வாரம் இரு பக்கமும் காற்றுப்படும்படி நிறுத்தி வையுங்கள். வளைவதெல்லாம் வளைந்த பிறகு இறுதி அளவுக்கு வெட்டினால் அந்த வளைவு சீவலோடு போய்விடும். முடித்த ஸ்டாக்கை ஆவியில் காட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எபாக்சி சூட்டில் இளகும்; ஒட்டுகளும் சேர்ந்து நகரும்.

உளி மழுங்குகிறது, உப்புத்தாள் அடைக்கிறது

உளி மழுங்குவது இயல்பு. ரெசின், முக்கியமாகக் கண்ணாடி இழை கலந்தது, சாதாரண எஃகை வேகமாகத் தின்னும். கார்பைடு முனைகள் தாக்குப்பிடிக்கும். தாள் அடைப்பதும், அறுக்கும்போது தூளுக்குப் பதில் இழுபடும் சுருள் வருவதும் இயல்பல்ல: பாளம் முழுதாக இறுகவில்லை, அல்லது வேகத்தால் சூடேறிவிட்டது. வேகத்தைக் குறைத்தும் மாறாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு இன்னும் ஒரு வாரம் விடுங்கள். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது, நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

தூக்கவே முடியவில்லை

வால்நட் மரத்தின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.6 கிலோ. எபாக்சியோடு அடுக்கிய பிர்ச் வெனீர் 0.8-ஐ ஒட்டி வரும். பருத்தித் துணிப் பாளம் 1.3 வரை போகும். 2 லிட்டர் கனஅளவுள்ள ஸ்டாக் என்று வைத்துக்கொண்டால் வால்நட்டில் 1.2 கிலோ, வெனீரில் 1.6, துணியில் 2.6. இதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் முழு ஸ்டாக்கையும் துணியில் செய்துவிட்டு, பிறகு எடை குறைக்க வழி கேட்பவர்கள் அதிகம். பின்புற ரப்பர் பட்டையைக் கழற்றி, உள்ளே நீளவாட்டில் 20, 25 மில்லிமீட்டர் துளைகள் போடலாம். அப்படிச் செய்தால் பின்பக்கம் இலேசாகி ரைபிள் முன்னே சாயும்; குழல் பள்ளத்துக்கு அடியிலும் கொஞ்சம் குடைந்தால்தான் சமநிலை வரும். என்னைக் கேட்டால் ஸ்டாக்குக்கு வெனீர், கைப்பிடி மூடிக்கும் முன்முனைக்கும் துணி. அலங்காரம் வேண்டிய இடத்தில் அலங்காரம் இருக்கட்டும்.

வார் மாட்டும் திருகு பிடுங்கிக்கொண்டது

அடுக்குகள் செங்குத்தாக நிற்கும் ஸ்டாக்கில் அடியிலிருந்து போகும் திருகு, அடுக்குகளுக்கு இணையாக, இரண்டுக்கும் நடுவே நுழைகிறது. ஆப்பு வைத்துப் பிளப்பது போலத்தான். துணிப் பாளத்தில் இது இன்னும் மோசம். துணி தன் தளத்தில் வலுவானது, அடுக்குக்கு அடுக்கு ரெசின் மட்டுமே பிடித்திருக்கிறது. துளையைப் பெரிதாக்கி, உள்மரை போட்ட உலோகப் புஷ்ஷைக் கெட்டியான எபாக்சியில் பதித்து, அதில் திருகை ஏற்றுங்கள். பிளவு வெளியே தெரிந்தால் புஷ் வைக்கும் முன் அதற்கு ரெசின் ஏற்றி இறுக்கிவிட வேண்டும்.

பெட்டிங் செய்த ஆக்ஷன் வெளியே வரவில்லை

பெட்டிங் என்பது ஆக்ஷன் அசையாமல் உட்கார, அதற்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ரெசினால் படுக்கை போடுவது. ஆக்ஷன் வெளியே வராவிட்டால், ரெசின் எங்கோ ஒரு துளையிலோ கீழ்வெட்டிலோ புகுந்து கொக்கி போட்டுவிட்டது, அல்லது ஒட்டாமலிருக்க உலோகத்தில் தடவும் மெழுகு படாத இடம் இருக்கிறது. திருகுகளை எல்லாம் கழற்றியாயிற்றா என்று மறுபடி எண்ணுங்கள். பிறகு முழுவதையும் சில மணி நேரம் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் குழலை நேர்மேலே தூக்கியபடி ஸ்டாக்கின் முன்முனையை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். எபாக்சி குளிரில் எஃகைவிடப் பல மடங்கு சுருங்கும். ஒட்டு விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நெம்பாதீர்கள். நெம்பினால் உடைவது ரெசின் அல்ல, குழியின் மேல்விளிம்பு. குளிருக்கு மசியாவிட்டால் எதிர்வழி: ஆக்ஷனை மெல்லச் சூடாக்கி ரெசினை இளக்குவது. ஆக்ஷன் வரும், பெட்டிங் பாழாகும். மறுபடி செய்ய வேண்டியதுதான். அந்த முறை எல்லாத் துளையையும் களிமண்ணால் அடைத்து, மெழுகை இரண்டு தடவை போட்டுத் துடையுங்கள்.

வெளியே வந்த பிறகு விசைப் பகுதியைப் பாருங்கள். ரெசின் ஒரு துளியாவது அங்கே கசிந்திருந்தாலும், விசையோ பாதுகாப்பு நெம்புகோலோ ஸ்டாக்கின் சுவரில் உரசினாலும், அது சரியாகும்வரை தோட்டா போடக் கூடாது.

குண்டு விழும் இடம் நகர்கிறது

எப்போது நகர்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

சுடச்சுட ஒரே பக்கமாக நகர்ந்தால் குழல் மரத்தைத் தொடுகிறது. மெல்லிய தாள் ஒன்றை இரண்டாக மடித்துக் குழலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே விட்டு, லக் வரை இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடத்தில் பென்சிலால் குறித்துத் தேய்த்துவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் நகர்ந்தால் பெட்டிங்கில் இழுப்பு. முன்கட்டையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி அதன் முனையைக் குழலில் வைத்து, ஆக்ஷன் திருகு ஒன்றை மெதுவாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால், திருகை இறுக்கும்போது ஆக்ஷன் வளைந்து உட்காருகிறது. இரண்டு திருகையும் தனித்தனியே சோதித்து, எந்தப் பக்கம் மேடு என்று கண்டுபிடித்து, அந்தப் பெட்டிங்கைச் சுரண்டி மறுபடி போட வேண்டும். திருகை இன்னும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. அது வளைவைக் கூட்டும்.

சில நாளில் திருகே தளர்ந்துவிட்டால் மரம் நசுங்குகிறது. திருகு போகும் வழியில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைத் தூணாக நட்டால் உலோகத்தின் மேல் உலோகம் உட்காரும். தூண் இல்லாத மரத்தில் 4 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்துவது வழக்கம்; தூண் இருந்தால் 7 வரை போகிறார்கள். ரைபிளைச் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த பிறகு நகர்ந்ததா? அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். மூடிய காருக்குள் வெயில் நேரடியாகப் படும் கறுப்பு ஸ்டாக் அந்தச் சூட்டை எட்டிவிடும். திருகின் இறுக்கத்தில் ரெசின் மெல்ல நகர்ந்துவிடும். இதைத் தடுக்க, பாளம் இறுகிய பிறகு மணிக்குச் சுமார் 10 டிகிரி வீதம் ஏற்றி 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுவார்கள். கிளாம்ப்பிலேயே வைத்து, மரம் வறண்டுவிடாதபடி அலுமினியத் தாளால் சுற்றிச் செய்ய வேண்டும். உங்கள் ரெசினின் தரவுத்தாள் எந்த வெப்பத்தைச் சொல்கிறதோ அதைத் தாண்ட வேண்டாம்.

பூச்சில் வரும் தொல்லைகள்

ஆளி எண்ணெய் பூசி ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது என்றால், ரெசின் நிறைந்த பரப்பு எண்ணெயைக் குடிக்காது, அவ்வளவுதான். துடைத்து எடுத்துவிட்டு வார்னிஷுக்குப் போங்கள். வார்னிஷும் காயவில்லையென்றால் முன்பு சொன்ன அமீன் படலம் அடியில் இருக்கிறது. பூச்சைச் சுரண்டி, தண்ணீரால் கழுவி, மறுபடி தொடங்க வேண்டும்.

கண்ணாடி போல முடித்த பரப்பில் சில வாரத்தில் துணியின் நெசவுத்தடம் எழுந்து வந்தால், ரெசின் பிறகும் இறுகிச் சுருங்கியிருக்கிறது. சூட்டில் பதப்படுத்துவதைப் பூச்சுக்கு முன்பே முடித்திருந்தால் வந்திருக்காது. இப்போது செய்துவிட்டு, தேய்த்து, மறுபடி பூசலாம். சாயமேற்றிய வெனீரில் கறுப்பு பக்கத்து வெள்ளைக்குள் ஊறினால், பூச்சிலுள்ள கரைப்பான் சாயத்தைக் கரைக்கிறது. கழிவுத் துண்டில் சோதித்து, அந்தச் சாயத்தைக் கரைக்காத பூச்சாகத் தேர்ந்தெடுங்கள். எபாக்சியே மேற்பூச்சாக இருந்து மஞ்சளித்தால் வெயிலின் புறஊதாக் கதிர்தான். அதைத் தடுக்கும் வார்னிஷ் மேலே வேண்டும்.

ஆக்ஷனின் வாலுக்குப் பின்னால் விரிசல்

சில ரவைகள் சுட்ட பிறகு, ஆக்ஷனின் பின்முனையான வால் முடியும் இடத்தில் மரத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் தெரியும். பின்னுதைப்பை முன்னாலுள்ள லக் வாங்க வேண்டும். லக் தன் பின்முகத்தில் பெட்டிங்கோடு ஒட்டி நிற்காமல் இடைவெளி இருந்தால், ஆக்ஷன் முழுதாகப் பின்னே நகர்ந்து வால் அடுக்குகளுக்கு நடுவே அடிக்கிறது. லக்கின் பின்முகத்தில் மை தடவி ஆக்ஷனை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். பெட்டிங்கில் மை முழுமுகமாகப் படிய வேண்டும். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் படிந்தால் அங்கேதான் கோளாறு. லக்கின் முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டி, பின்முகத்தை மட்டும் வெறுமையாக விட்டு மறுபடி பெட்டிங் செய்ய வேண்டும். வாலுக்குப் பின்னே அரை மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

விரிசல் சிறிதாக, மேலோடு நின்றிருந்தால் ரெசின் ஏற்றி, குறுக்கே உள்ளிருந்து ஒரு கண்ணாடி இழைக் கம்பியைப் பதித்து நிறுத்தலாம். கைப்பிடிக் கழுத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, சாயம் கலந்த ஸ்பிரிட்டை விரிசலில் ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள். கோடு எதுவரை போகிறது என்பதைச் சாயம் காட்டிவிடும். கழுத்துக்குள் போயிருந்தால் கம்பியும் வேண்டாம், ரெசினும் வேண்டாம். உலோகப் பாகங்களைக் கழற்றிக்கொண்டு, புதிய பாளத்துக்கு வெனீர் வெட்டத் தொடங்குங்கள்.